லோபாக் கடைப் பெரட்டு

கிராபிக்ஸ் கார்டுக்கு நாட்டில் பெருந்தட்டுப்பாடு ஏற்பட்டுவிட்டதால், உண்மையான கம்ப்யூட்டர் விளையாட்டாளர்களுக்கு மட்டுமே அதை விற்க வேண்டும் என்று மேலிடம் தீர்மானித்தது. ஆளுக்கு வாரம் ஒன்று. ஐசி என்ற அடையாள அட்டை அவசியம், நேர்காணல் அதைவிட அவசியம். லோபாக் கம்ப்யூட்டர் கடை வாசலில் தனேஸ்வரன் என்ற அதிகாரியை மேசை போட்டு உட்காரவைத்தார்கள்.

லாபு தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர் இராஜமாணிக்கம். அவர் மகள் ரோகினி வீட்டிலிருந்தே கார்ட்டூன் படம் செய்பவள். அவளுடைய கார்டு புகைந்துபோயிற்று. மாதக் கடைசிக்குள் படம் போகாவிட்டால் வேலை போய்விடும்.

"தொழிலுக்கா? அது வேற பிரிவு. இன்னும் திறக்கல," என்று அவளைத் திருப்பி அனுப்பினார் அதிகாரி.

மறுநாள் அப்பா போனார்.

"யாருக்கு ஐயா?"

"மகளுக்குத்தான் சார்."

"அப்ப நீங்க பினாமி."

அடுத்து நின்றது பஞ்சாலை என்ற கிழவி. "பொழுதன்னிக்கும் கேம்ல பேயத்தான் சுடுறேன் தம்பி. மூணாவது குகைக்குப் போயிட்டேன். பழைய கார்டு பத்தல லா."

அதிகாரி நெகிழ்ந்துபோய் முத்திரை குத்தினார். பஞ்சாலை வீட்டில் பொத்தானை அமுக்கினால் வேலை செய்வது ரைஸ் குக்கர் ஒன்றுதான்.

விசாரித்தால், எல்லாம் தோட்டத்தில் ஆள்களை மேய்த்த பழைய மண்டோர் மாயாண்டியின் வேலை. கார்டுகளைக் கூடுதல் விலைக்கு விற்கும் பட்டணத்து முதலாளி தவுக்கேக்காக, விடியலில் கோயில் பக்கம் தோட்டத்தில் போலவே பெரட்டு வைத்து, கிழடுகளைப் பேர் கூப்பிட்டு, பேய்ப் பாடம் நடத்தி லாரியில் ஏற்றுகிறார். கார்டு செய்யும் நீலப்பெட்டிக் கம்பெனிக்கு ஒரு வரிசை, அதன் போட்டியாளரான மஞ்சள்பெட்டிக் கம்பெனிக்கு ஒரு வரிசை. இரண்டுக்கும் தவுக்கே ஒருவர்தான்.

மாயாண்டியோடு இராஜமாணிக்கம் பேசி வெகுகாலம். தோட்டத்தில் ஒருநாள் பெரட்டுக்குக் கொஞ்சம் பிந்தி வந்ததற்கு அரைப்பேர் போட்டு, பாதிச் சம்பளத்தை வெட்டிய மனுஷன். இருந்தும் மகளுக்காகப் போனார்.

"வாடா மாணிக்கம். மொத கார்டு தவுக்கேக்கு, அடுத்தது ஒனக்கு. பேய எதால சுடுவ?"

"நாட்டுத் துப்பாக்கியால."

"காட்டுப்பன்னியா சுடப் போற? லேசர்னு சொல்லு."

நேர்காணலில் அப்படியே சொன்னார். முதல் கார்டு தவுக்கேக்குப் போயிற்று.

அதற்குள் கம்பெனிகள் கணக்கெடுத்தன. வாங்கியவர் அத்தனை பேரும் முதியவர்கள். நீலக்காரர்கள் உடனே முழங்காலுக்கு இதமாகச் சூடு தரும் 'பொற்காலக் கார்டு' கொண்டுவந்தார்கள். மஞ்சள்காரர்கள் விடுவார்களா? தங்கள் கார்டில் ரத்த அழுத்தமும் பார்க்கலாம் என்றார்கள். மற்றக் கார்டுகள் நின்றுபோயின. அறுபதுக்குக் கீழ் விற்பனை இல்லை என்று தனேஸ்வரனும் பலகை மாட்டினார்.

அடுத்த முறை இராஜமாணிக்கம் கொண்டுவந்த பொற்காலக் கார்டை ரோகினி மாட்டிப் பார்த்தாள். எழுத்து பெரிதாக வந்தது. படம் நகரவில்லை.

"இது கார்ட்டூனுக்கு ஆகாதுப்பா. ஒங்க காலுக்கு வெச்சுக்குங்க."

வேலை போயிற்று. அடுத்த மாதம் நீலக் கம்பெனியே அவளைக் கூப்பிட்டு, முதியவர்கள் சுடுவதற்கு வாகாக மெல்ல நடக்கும் பேய்களை வரையும் வேலை கொடுத்தது. கம்ப்யூட்டரும் தந்தது. போட்டிக்காரர்களைப் பார்த்துச் செய்ய மஞ்சள் கம்பெனியின் கார்டு ஒன்றை மட்டும் அவளே வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.

மறுநாள் இராஜமாணிக்கம் பெரட்டுக்கு ஓடினார். முழங்காலுக்கு இதமாக இருந்ததில் எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. வரிசையில் அவருக்கு முன்னால் தனேஸ்வரன் நின்றார். போன வாரம்தான் அறுபது முடிந்து ஓய்வு பெற்றவர்.

மாயாண்டி அவருக்கு முழுப்பேர் போட்டார். இராஜமாணிக்கத்துக்கு அரைப்பேர்.