செல்லாயி லாரி எஃப்.சி.க்குப் போகாத கதை

ஒரு காட்டில், டீசல் புகை வந்து சேர்ந்த பிறகும் பழக்கதோஷத்தில் காடு என்றே அழைக்கப்பட்ட ஒரு காட்டில், சடையப்பன் என்றொரு கரடி லாரி ஓட்டிப் பிழைத்துவந்தது. மலையில் விளையும் பலாப்பழத்தை ஆற்றங்கரைச் சந்தையில் கொண்டுபோய் இறக்குவது அதன் வேலை. லாரியின் பெயர் செல்லாயி.

செல்லாயிக்குச் சாவி உண்டு. திருகினால் ஒன்றும் நடக்காது. ஆனாலும் மரியாதைக்காகக் கரடி தினமும் ஒருமுறை திருகிப் பார்க்கும். செல்லாயி ஸ்டார்ட் ஆக வேண்டுமென்றால் சரிவில் உருள வேண்டும். அதனால் எப்போதும் மேட்டில்தான் நிறுத்திவைக்கும். ஹேண்ட் பிரேக் செத்துப்போய் வெகுகாலம் ஆகிவிட்டது. மற்ற லாரிகளில் கிளீனர் ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கட்டை போடுவான். இங்கே கிளீனர் சங்கிலி ஓர் ஆமை. அது தானே சக்கரத்தடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

"கட்டையத் தேடிக்கிட்டு இருந்தா வண்டி தனியா சந்தைக்குப் போயிருமேண்ணே" என்பது அதன் வாதம்.

அதே மேட்டில் நரி புது லாரி ஷோரூம் வைத்திருந்தது. கண்ணாடிக் கதவு, ஏசி, வருகிறவர்களுக்கு இலவச மோர்.

"என்ன சடையப்பா, இன்னுமா இந்தத் தகரத்தக் கட்டிக்கிட்டு அழுவுற? புதுசு எடுத்துரு. பட்டனத் தொட்டா ஸ்டார்ட். பின்னாடி யாராவது நின்னா அதுவே கத்தும், நகரவே நகராது."

"பின்னாடி நிக்கிறவனே கத்துவானே, லாரி எதுக்குக் கத்தணும்?" என்றது கரடி.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது எஃப்.சி. காட்ட வேண்டிய நேரம் வந்தது. வண்டி ஓடத் தகுதியானதுதான் என்று அரசாங்கம் தரும் சான்று அது. கிடைக்காவிட்டால் வண்டி நேராகக் காயலான் கடைக்குப் போகும். அங்கே காட்டுப்பன்றி துண்டு துண்டாக வெட்டி எடைக்குப் போட்டுவிடும். சோதிக்க வரும் இன்ஸ்பெக்டரோ கொக்கு. ஒற்றைக்காலில் நின்று அசையாமல் முறைக்கும். குறை தலையை நீட்டியதும் ஒரே கொத்து.

இந்த மாதிரி நேரத்தில் லாரிக்காரர்கள் பக்கத்து வண்டியின் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டி, எஃப்.சி. காட்டிவிட்டுத் திருப்பித் தருவது வழக்கம். கரடியும் கேட்டுப் பார்த்தது. எல்லோருடைய டயரும் ஏற்கெனவே வேறு யாருடைய வண்டியிலோ இருந்தது. செல்லாயியை வெட்டப்போகிறார்களே என்று கரடி வெட்கப்படாமல் அழுதது.

"அழாதீங்கண்ணே. இந்தக் காட்டுல எஃப்.சி. இல்லாம நிக்கிறது எது?" என்று கேட்டது ஆமை.

"பாறை நிக்குது. மரம் நிக்குது."

"சாமியும் நிக்குதுல்ல?"

கொக்கு வந்து ஒற்றைக்காலைத் தூக்கியபோது, செல்லாயியின் பானெட் முழுக்க மஞ்சள், நடுவே குங்குமம், கண்ணாடியில் வேப்பிலை, முன்னால் சூடம். தூக்கிய கால் தானாக இறங்கியது. இரண்டு சிறகாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"எந்த அம்மன்?"

"செல்லாயி அம்மன் சார். நாம கூப்பிட்டா வராது. அதுவா மனசு வச்சாத்தான் நகரும்" என்றது கரடி. அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

கொக்கு குரலைத் தாழ்த்தி, மீனுள்ள ஊருக்கு மாற்றல் வேண்டும் என்று வேண்டிக்கொண்டு போனது. மறுவாரமே மாற்றல் வந்தது. அவ்வளவுதான், காடே திரண்டுவிட்டது.

கூட்டத்தைப் பார்த்ததும் நரி தன் மோர்ப் பானையோடு வந்து விழாக் கமிட்டித் தலைவராகிவிட்டது. கம்பி வேலி போட்டது. பொது வரிசை ஒன்று, சிறப்பு வரிசை ஒன்று. நேர்ந்துகொண்டவர்கள் பலாப்பழத்தை லாரியின் பின்தொட்டியில் குவித்தார்கள். செல்லாயியை எடுக்கப்போன கரடியை நரி மறித்தது.

"சாமி முதுகுல லோடு ஏத்துவியாடா, பாவி? பொழப்புக்குப் புது லாரி எடு. பக்தன்னு தள்ளுபடி தர்றேன்."

தன் லாரியைப் பார்க்கத் தானே பொது வரிசையில் நின்றது கரடி. கிட்டே போனதும் பதறிவிட்டது. எஞ்சினிலிருந்து சொட்டிய ஆயிலைப் பக்தர்கள் கொட்டாங்குச்சியில் ஏந்தித் தலையில் தடவிக்கொண்டிருந்தார்கள்.

"ஐயோ, ஆயில் சீல் போயிருச்சு! இப்படியே விட்டா எஞ்சின் செத்துரும்!"

"நகரு நகரு, பின்னாடி ஆள் நிக்குது" என்றது தொண்டர் முயல்.

கரடி சட்டென்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தது. சக்கரத்தடியில் மஞ்சள் பூசிய சங்கிலி கிடந்தது.

"அண்ணே, என்னையப் பீடம்னு சொல்லிட்டாங்க. முதுகுல சூடம் ஏத்துறாங்க, சுடுது. வெளிய வந்துரட்டுமா?"

"வாடா தம்பி" என்று சொல்லிவிட்டு டிரைவர் சீட்டுக்குத் தாவியது கரடி. சங்கிலி வந்தது. ஆமை வருகிற மாதிரிதான் வந்தது. அதற்குள் முயல் விசிலடித்து, நரி ஓடிவந்து, கரடிக்கு உயிர் போய்த் திரும்பியது. கடைசியில் செல்லாயி உருண்டாள். இரண்டாவது கியரில் கிளச்சை விட்டதும் ஓர் உறுமல், ஒரு பெரும்புகை.

"அம்மன் புறப்பட்டுட்டா!" என்று கூட்டம் கும்பிட்டது.

துரத்திப் பிடிக்க நரி தன் புது லாரியில் ஏறிப் பட்டனைத் தொட்டது. பின்னால் கூட்டம் நின்றதால் லாரி வீலென்று கத்தியது. நகரவே இல்லை. நரியும் கத்தியது. லாரி இன்னும் உரக்கக் கத்தியது.

"இதுக்கும் சாமி வந்திருச்சு!" என்று யாரோ சொல்ல, நரியை இறக்கிவிட்டுப் புது லாரிக்கு மஞ்சள் பூசினார்கள்.

கரடி சந்தையில் பலாப்பழத்தை இறக்கி, ஆயில் சீல் மாற்றி, திரும்பும் வழியில், விட்டுவந்த சங்கிலியை ஏற்றிக்கொண்டது. இப்போது தினமும் காலையில் அம்மன் புறப்பாடு. சரிவுகூட வேண்டியதில்லை, பக்தர்களே தள்ளுகிறார்கள். டயர் தேய்ந்தால் நேர்த்திக்கடனாக யாராவது மாட்டிவிடுகிறார்கள். எஃப்.சி. பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

புது லாரி மட்டும் வேலிக்குள் நிற்கிறது. சாவியோடு வந்த நரியை முயல் தடுத்து, "பொது வரிசை அந்தப் பக்கம்" என்றது.

நீதி: புது லாரிக்குத்தான் மெக்கானிக் வேண்டும், பழைய லாரிக்குப் பக்தர்கள் போதும்.