உப்புக் கையும் வாழையடிப் புழுவும்

மரக்காணத்தில் உப்பைப் பரம விரோதியாக நினைத்த ஒரே மனிதர், எங்கள் உப்பளத்து மேஸ்திரிதான். காலை ஆறு மணியிலிருந்து பகல் இரண்டு வரை உப்பு வாரச் சொல்லி ஆட்களை விரட்டுவார். இரண்டு அடித்து ஒரு நிமிடம் ஆனால் உப்பு அவருக்கு ஆகாது. காரணம், மண்புழு. ஏரியில் தூண்டில் போடுவது மேஸ்திரியின் உயிர். உப்பு பட்டால் போவது புழுவின் உயிர். ஊரில் அவருக்குப் புழு மேஸ்திரி என்றே பெயர். சொந்தப் பெயர் ஆஜர் பதிவேட்டில் மட்டும் இருந்தது. எழுபதுகளின் நடுவில் அந்தப் பதிவேட்டை எழுதிய ரைட்டர் நான்.

மரக்காணத்து மண்ணில் புழு வாழாது என்பது அவருடைய முடிந்த முடிவு. அதனால் வாரந்தோறும் பால்பவுடர் டப்பாவோடு பெருமுக்கல்லுக்கு பஸ் ஏறுவார். டீக்கடையில் கடல்மீன் பிடிக்கிறவர்கள் விடமாட்டார்கள்.

"இன்னா மேஸ்திரி, வாசல்ல கடலை வச்சிக்கினு புழுவுக்கு பஸ் ஏறுறியே?"

"கடல்ல வலை போட்டா வர்றவன் போறவன் எல்லாம் மாட்டுவான். ஏரியில ஒவ்வொருத்தனையா பேர் சொல்லிக் கூப்பிடணும்பா."

கூப்பிடும் முறையும் வைத்திருந்தார். கெண்டைக்குச் சாணிக்குப்பையில் கிடைக்கும் மெல்லிய சிவப்புப் புழு. கெளுத்திக்கு வாழையடியில் ஊறும் தடித்த கறுப்புப் புழு. மாற்றிப் போட்டால் மீன் கோபித்துக்கொள்ளும் என்பார். ஒருமுறை பஸ்ஸில் டப்பா கவிழ்ந்துவிட்டது. "பன்னெண்டு இருந்துச்சு, பதினொண்ணுதான் இருக்குது. ஒருத்தரும் எழுந்திருக்காதீங்க!" என்று கத்தினார். மொத்த பஸ்ஸும் எழுந்து நின்றது. கண்டக்டர் அவரைப் பாதி வழியில் இறக்கிவிட்டார். பன்னிரண்டாவது புழு அவருடைய சட்டைப் பையிலேயே இருந்ததாம்.

அவர் டப்பாவை யாரும் தொட முடியாது. தொட நினைத்தாலே, "விரலை நக்கு, கரிக்குதா?" என்பார். உப்பளத்தில் எவன் விரல் கரிக்காது?

அந்தச் சித்திரையில் என் மனைவி செண்பகத்துக்கு மஞ்சள்காமாலை. பெருமுக்கல் பக்கத்துப் பெண். திருமணமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. வைத்தியர் உப்பில்லாக் கஞ்சி கொடுக்கச் சொன்னார். காலை ஏழு, பகல் பன்னிரண்டு, இரவு ஏழு என்று மூன்று வேளையும் கொடுத்தேன். ஒவ்வொரு தம்ளரும் காலியானதை டைரியில் குறித்தேன். மூன்றாம் வாரம் காமாலை இறங்கிவிட்டது. ஆனால் செண்பகம் எழுந்து நிற்கவே சுவரைப் பிடித்தாள்.

வைத்தியர் டைரியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். "இனிமே கொஞ்சம் உப்பு சேர்க்கலாம், மீனும் கொடுக்கலாம். திங்கட்கிழமைக்குள்ள தெம்பு வரலேன்னா புதுச்சேரிக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில சேர்த்துடுங்க" என்றார். கடல்மீன் வாடையே அவளுக்குக் குமட்டும். "எங்க ஊரு ஏரிக் கெளுத்தின்னா ஒரு வாய் சாப்பிடுவேன்" என்றாள்.

மேஸ்திரியிடம் சொன்னேன். சனிக்கிழமை லீவு போட்டு, பெருமுக்கல்லில் காய்ந்த வாழைத்தோட்டத்தை இடுப்பளவு தோண்டி, புழுவோடு உப்பள ஆபீசுக்கு வந்தார். "இனி அங்க ஒரு புழு கிடையாது தம்பி. கெளுத்தி விடியக்காலையிலதான் கடிக்கும், நாளைக்குப் போறேன். மூடியைத் திறக்காதே" என்று டப்பாவை என் மேஜையில் வைத்துவிட்டு, ஆட்களைப் பார்க்கப் போனார்.

எண்ணிக்கை தெரியாத பொருள் என் மேஜையில் இருந்தால் எனக்கு வேலை ஓடாது. காகிதத்தில் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்து வைத்து எண்ணினேன். இருபத்து மூன்று. எழுதிவிட்டுத் திரும்பினால் இருபத்து மூன்றும் சுருண்டு கிடந்தன. சற்று முன்புதான் சாம்பிளுக்கு உப்பை வெறுங்கையால் அள்ளிப் பொட்டலம் கட்டியிருந்தேன்.

மேஸ்திரி திரும்பி வந்து பார்த்தார். என் கையைப் பிடித்துத் தூக்கினார். அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"எத்தினி?"

"இருபத்து மூணு."

"கணக்கு கரெக்ட்டுதான்" என்று கையை விட்டார். "வா, அந்தப் பொண்ணுகிட்ட நானே சொல்லிடுறேன்."

வீட்டுக்கு வந்ததும் கை கழுவக் கொல்லைப்புறம் போனவர், போனவர்தான். எட்டிப் பார்த்தேன். செண்பகம் தாய்வீட்டிலிருந்து வேர்மண்ணோடு கொண்டுவந்து நட்ட வாழைக்கன்று முன்னால் குந்தியிருந்தார்.

"ஏம்பா, ஊரே காய்ஞ்சு கெடக்குது. இது மட்டும் எப்படிப்பா பச்சையா நிக்குது?"

குச்சியால் கிளறினார். விரல் தடிமனில் ஒரு கறுப்புப் புழு நெளிந்தது. பக்கத்தில் இன்னொன்று. மரக்காணத்து மண்ணில் புழு! அவர் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு ஈரமண்ணிலிருந்து எதையோ பொறுக்கி என்னிடம் நீட்டினார். வெந்த நொய்.

"தம்பி, மூணு வாரமா நீ கஞ்சி ஊத்துனது உன் சம்சாரத்துக்கு இல்ல. இதுங்களுக்கு."

செண்பகம் கொல்லை வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "அந்தக் கஞ்சியை நீங்க ஒரு வாய் குடிச்சுப் பாருங்கண்ணே, அப்புறம் பேசுங்க. இவரு தம்ளரு காலியாச்சான்னுதான் பார்த்தாரு."

"உப்பு போட்டு ஊத்தாம உட்டியேம்மா, அந்தமட்டும் புண்ணியம்" என்றார் மேஸ்திரி.

கொல்லையில் பொறுக்கிய புழுக்களோடு ஞாயிறு விடியலில் போனவர், காலை பத்து மணிக்கு, குட்டையாய்ச் சுருங்கிய ஏரியிலிருந்து மூன்று கெளுத்தியோடு வந்தார். குழம்பை நான்தான் வைத்தேன். செண்பகம் ஒரு வாய் உண்டாள். நாங்கள் இருவரும் அவள் முகத்தையே பார்த்திருந்தோம்.

"உப்பு கம்மி" என்றாள்.

உப்புக்கு விரோதியான அந்த மனிதர் அடுப்படிக்கு ஓடி, ஜாடியில் கைவிட்டு அள்ளி வந்து, கிள்ளிக் கிள்ளி அவள் தட்டில் தூவினார். அவள் இரண்டாம் முறை சோறு கேட்டாள்.

மீதமிருந்த ஏழு புழுக்களை வாழையடியிலேயே விட்டுவிடுவது என்று முடிவானது. மேஸ்திரி டப்பாவைத் திறந்தார், தன் விரல்களைப் பார்த்தார், டப்பாவை என்னிடம் நீட்டினார்.

"நீயே உடு தம்பி. என் கை உப்புக் கை."

நான் கை கழுவி, விரலை நக்கிப் பார்த்துவிட்டு, எண்ணாமல் விட்டேன்.