தொண்ணூற்றாறு வாங்கியவர்

இவரை உங்களுக்குத் தெரியும். பெயர் வேறாக இருக்கலாம், மூக்குக்கண்ணாடி வேறாக இருக்கலாம். ஆனால் எந்தப் பேச்சை எடுத்தாலும் அரை நிமிடத்தில் தாம் எழுதிய பரீட்சைக்கு வந்து சேர்ந்துவிடுவார். இந்த இனத்துக்குப் ‘பழைய மார்க்காளர்’ என்று பெயர் வைத்திருக்கிறேன். கல்யாணப் பந்தியில் ரசம் ஊற்றும்போது, மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைத்தவுடன், துக்க வீட்டில்கூடச் சற்றுத் தாழ்ந்த குரலில், எங்கள் காலத்தில் நுழைவுத் தேர்வு என்றால், என்று தொடங்குவார். தொடங்கினால் முடிப்பாரா? மாட்டார்.

இதில் அசல் வார்ப்பு எங்கள் பூவராகவன். பெரியபாளையம் போகிற சாலையில் ஒரு கல்லூரியின் சேர்க்கைப் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு இருந்த காலத்தில் தொண்ணூற்றாறு வாங்கியவர். அந்தத் தேர்வை மூட்டை கட்டிப் பல வருடம் ஆகிறது. மார்க் மட்டும் அவரிடம் இன்னும் சூடாக இருக்கிறது. இப்போது நடப்பதெல்லாம் பரீட்சையே அல்ல என்பது அவர் தீர்ப்பு. அப்படியானால் ஏன் பொறியாளர் ஆகவில்லை? அதை மட்டும் சொல்ல மாட்டார்.

போன வருடம் அவர் மேசைமுன் ஷைனி வந்து நின்றாள். ஆரம்பாக்கத்துப் பெண்; கும்மிடிப்பூண்டியில் கார் உதிரி பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. மாலை நேர எம்.பி.ஏ.வில் சேர்ந்தால் அலுவலகப் பிரிவுக்கு மாற்றுவதாகச் சொல்லியிருந்தார்கள். இல்லாவிட்டால் மறுபடியும் நைட் ஷிப்ட்தான். அதற்கான நுழைவுத் தேர்வை முந்தின வருடமே எழுதி நல்ல மார்க் வாங்கியிருந்தாள். அம்மா ரோசம்மாளுக்கு இடுப்பெலும்பு முறிந்ததால் அப்போது சேர முடியவில்லை. அதற்குள் தேர்வையே மாற்றிவிட்டார்கள். கேள்வித்தாள் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. பாடப் பகுதிகள் மாறின. மொத்த மார்க்கும் மாறியது. விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள்.

பூவராகவன் அவள் மார்க்கைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“இது பழைய பரீட்சைம்மா. பழைய மார்க்க வெச்சிக்கினு இன்னா பண்றது? புதுசு எழுதிட்டு அடுத்த வருஷம் வா.”

கேட்டீர்களா? சொன்னவர் யார்?

இரண்டு வருடம் செல்லும் என்று சொல்லித்தான் எழுத வைத்தார்கள் என்றாள் ஷைனி. அந்த அளவு வேறு, இந்த அளவு வேறு என்றார் அவர். கடைசியில் அவள் கேட்டாள்: “அப்ப நீங்க எழுதுன பரீட்சை இன்னா சார் ஆச்சு?”

வேறொருவர் என்றால் சுருக்கென்று தைத்திருக்கும். இவர் முகமோ மலர்ந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார். இயற்பியல் தாளில் எல்லோரும் தடுமாறிய கேள்வியை, அதைத் தாம் மட்டும் மடக்கிப் பிடித்த விதத்தை, மேற்பார்வையாளரே எட்டிப் பார்த்து வியந்ததை, முடிவு வந்த அன்று தாம் தெருவில் நடந்தால் மாமாக்கள் சைக்கிளை நிறுத்தி இறங்கியதை எல்லாம் விவரித்தார். ஷைனிக்கு எழுந்து போகவும் முடியவில்லை, கேட்கவும் முடியவில்லை. நைட் ஷிப்டை நினைத்தாள். கண் கலங்கிவிட்டது. தம் கதைதான் உருக்குகிறது என்று நினைத்து அவர் இன்னும் விரிவாகச் சொன்னார்.

அந்த நேரத்தில் முதல்வர் கிறிஸ்டினா ஏதோ கையெழுத்துக்காக உள்ளே வந்தார். அழுகிற பெண்ணைப் பார்த்து விசாரித்தார்.

“செல்லுபடியாகிற வருஷத்துக்குள்ள இருந்தா பழைய தேர்வும் சரிதான் சார். மார்க்கை அப்படியே ஒப்பிடாதீங்க. அந்த வருஷம் எழுதுனவங்கள்ல நூத்துக்கு எத்தனை பேரை இந்தப் பொண்ணு தாண்டியிருக்கா, அதைப் பாருங்க. போன வாரக் கூட்டத்துல இதைத்தானே பேசினோம்?”

பேசினார்கள்தான். அப்போது பூவராகவன் பக்கத்து நாற்காலிக்காரரிடம் தம் வேதியியல் தாளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பார்த்தார்கள். நூற்றுக்கு எண்பத்தெட்டுப் பேரைத் தாண்டியிருந்தாள். அன்று சாயங்காலமே இடம் உறுதியானது. ரயிலடியிலிருந்து அம்மாவுக்குப் போன் போட்டாள். “சேத்துக்கினாங்கம்மா,” என்றாள்.

பூவராகவன் மாறினாரா? மறுநாள் காலை நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டே, பழைய பரீட்சை எழுதிய பெண்ணின் தரமே தனி, அதனால் நான்தான் பிடிவாதமாகச் சேர்த்துவிட்டேன் என்று சகாக்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தேர்வு முடிவு வந்த அன்று வாழ்த்தப் போனீர்களே, வாழ்த்தை ஒரே வரியில் முடித்துக்கொண்டு, அப்புறம் அங்கே யாருடைய பரீட்சையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தீர்கள்?