குடல் சாரும் கோடிக் கிருமிகளும்

குழித்துறையில் அடுத்தவர் வயிற்றைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்ட மனிதர் குடல் சாரைத் தவிர வேறு யாரும் கிடையாது. எங்கள் இன்சூரன்ஸ் அலுவலகத்தின் ஹெட் கிளார்க். சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

குடலில் வாழும் கிருமிகளுக்கும் மனசுக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய்ச்சி நடப்பதை எங்கோ படித்துவிட்டார். அன்றிலிருந்து, மனிதன் கோபப்படுவதில்லை, அவன் குடல்தான் கோபப்படுகிறது என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒருநாள் மேனேஜர் கத்தத் தொடங்கியதும், ராத்திரி பொரோட்டாவா என்று பரிவோடு விசாரித்து, மேசையில் ஒரு டம்ளர் மோரை வைத்தார். மேனேஜர் இன்னும் கத்தினார். இரண்டாவது டம்ளர் வந்தது. மூன்றாவது வந்துவிடுமோ என்ற பயத்தில் மேனேஜர் இரண்டையும் குடித்துத் தீர்த்தார். பாலில் செய்த எதுவும் அவருக்கு ஆகாது. மீதிப் பகலைக் கழிப்பறையில் கழித்தார். அலுவலகம் உண்மையிலேயே அமைதியாகத்தான் இருந்தது.

ஒரு மருத்துவக் கல்லூரியில் இதே ஆய்வுக்கு, விருப்பமுள்ளவர்கள் மலம் கொடுக்கலாம் என்று கேள்விப்பட்டார். கோயிலுக்கு நேர்ச்சை கொண்டுபோகிற பக்தியோடு ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். துணைக்கு நான். மீன் என்றால் லக்கேஜ் டிக்கெட் எடுக்க வேண்டும் என்றார் கண்டக்டர்.

"மீனு இல்ல கேட்டியளா. எனக்க குடல் கிருமி. ஆராய்ச்சிக்கு."

நிற்க இடமில்லாத பஸ்ஸில் எங்களுக்கு முன்னும் பின்னும் இரண்டு வரிசை காலியானது.

கல்லூரியில் இருந்த டாக்டர் சின்னப் பெண். தொடர்பு இருப்பதுபோலத் தெரிகிறது, ஆனால் இன்னதைத் தின்றால் மனச்சோர்வு போகும் என்று சொல்ல இன்னும் காலம் பிடிக்கும் என்றாள். திரும்பும் வழியெல்லாம் குடல் சார், பெண் பார்க்கப் போன வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டதுபோல முகத்தை வைத்துக்கொண்டு வந்தார்.

அடுத்த வருஷம் என் மனைவி நர்ஸ் வேலைக்கு மகளோடு குவைத் போனாள். நான் கடைச் சாப்பாட்டில் விழுந்தேன். பிறகு அதுவும் இறங்கவில்லை. தூக்கம் போனது, அலுவலகம் போவது நின்றது, உயிரோடு இருப்பதே வீண் என்று தோன்றியது. ஒருநாள் காலையில் கதவைத் தட்டினார் குடல் சார். கையில் பழங்கஞ்சி, தயிர், காந்தாரி மிளகாய். பிரசங்கத்துக்குத் தயாராக இருந்தேன். அவரோ இரண்டு கிண்ணத்தில் ஊற்றி, எதிரே உட்கார்ந்து குடிக்க ஆரம்பித்தார்.

இதைக் குடித்தால் எனக்குச் சரியாகுமா என்று கேட்டேன்.

"தெரியாது மக்கா. அந்த டாக்டரு பிள்ளையே உறுதியா செல்லல்ல. அதுவரைக்கும் தனியா இருந்து திங்காத."

கஞ்சி முடிந்ததும் சட்டையை எடுத்துக் கொடுத்து, நாகர்கோவிலில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார். நான் உள்ளே இருந்த நேரமெல்லாம் வெளியே மற்ற நோயாளிகளின் காலைப் பலகாரத்தை விசாரித்துக்கொண்டிருந்தார். மாத்திரை, கஞ்சி, குடல் சார் மூன்றும் பல மாதம் தவறாமல் தொடர்ந்தன. தேறினேன். எதனால் என்று எந்த ஆராய்ச்சியாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஓய்வு பெற்று இப்போது அஞ்சுகிராமத்தில் இருக்கிறார். மத்தியானம் போன் வரும். "இன்னிக்கு ஆருகூட மக்கா தின்ன?" என்பார். அந்தப் போன் வராத நாளில் சாப்பிட்ட கையைக் கழுவ எனக்கு மனசு வருவதில்லை.