உள்ளங்கை வைத்தியம்

"என் மெஷின் இந்த வீட்டு வாசலைத் தாண்டாது. இது என் முடிவு. கடைசி முடிவு!"

மாஸ்டர் இப்படி முழங்கியபோது அவர் மனைவி சாதம் பரிமாறிக்கொண்டிருந்தாள். கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள். பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் அது எதற்கு அறிகுறி என்று மாஸ்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. தான் ஜெயித்துவிட்டதாக நினைத்து, "இன்னும் கொஞ்சம் போடு" என்று தட்டை நீட்டினார்.

மெஷின் என்றால் நீராவி மெஷின். தெருமுக்குக் கொட்டகையில் மாஸ்டர் கார்களைச் சுத்தம் செய்கிறார். வெளியே அல்ல, உள்ளே மட்டும். வெளிப்புறத்தை ஒரு வாளித் தண்ணீர் இருந்தால் யார் வேண்டுமானாலும் கழுவலாம், உட்புறத்துக்குத்தான் மூளை வேண்டும் என்பது அவர் கட்சி. குழாய் முனையில் துணியைச் சுற்றி, புஸ்ஸென்று ஆவியை விட்டு, சீட்டின் மேல் ஒரு இழுப்பு இழுத்தால் மூன்று வருஷத்து அழுக்கு துணியோடு வந்துவிடும். சுற்றுவட்டாரத்தில் அவருக்கு 'ஆவி மாஸ்டர்' என்றே பெயர். கொட்டகை வாசலில் 'இங்கு ஆவியால் சுத்தம் செய்யப்படும்' என்று பலகை மாட்டியிருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு ஒருவர், தன் மாமியாரைப் பிடித்திருப்பதை விரட்ட முடியுமா என்று கேட்டு வந்தார். "கார்ல உட்கார வச்சுக் கூட்டிட்டு வாங்க, பார்த்துடலாம்" என்றார் மாஸ்டர். அவருக்குத் தன்னம்பிக்கை அந்த ரகம்.

தொழிலில் அவர் ஒரு வித்தை வைத்திருந்தார். யாராவது காரை நிறுத்தி, "சும்மா விசாரிச்சுட்டுப் போலாம்னு வந்தேன்" என்று இழுத்தால், மாஸ்டர் தர்க்கம் பண்ண மாட்டார். கதவைத் திறப்பார். சீட்டில் ஒரே ஒரு இடத்தில், உள்ளங்கை அளவுக்கு, ஆவி விட்டுத் துடைப்பார். "சரிங்க, போயிட்டு வாங்க" என்று கும்பிடு போடுவார். அவ்வளவுதான். அதுவரை மொத்த சீட்டும் ஒரே நிறமாக இருந்ததால் அழுக்கு என்றே அந்த மனிதருக்குத் தெரிந்திருக்காது. இப்போது நட்ட நடுவில் பளிச்சென்று ஒரு வட்டம். போகிற வழியெல்லாம் கண் அங்கேயே போகும். மறுநாள் காலை கொட்டகை திறக்கும்முன் வந்து நிற்பார். இதற்கு மாஸ்டர் 'உள்ளங்கை வைத்தியம்' என்று பெயர் வைத்திருந்தார். இதுவரை ஒரு ஆள் தப்பியதில்லை என்று வீட்டிலும் வாய் ஓயாமல் பெருமை அடிப்பார்.

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பரீட்சை ஹாலில் அவள் நடந்து வந்தால், பிட்டு வைத்திருக்காத பிள்ளைகளுக்குக்கூட வியர்க்கும். டீச்சரின் ஒரே குறை, வீட்டு சோபா. வாங்கும்போது அது சந்தன நிறம். ஆறு வருஷத்துக்குப் பிறகு அந்த நிறத்துக்குப் பெயர் கிடையாது. ஊர் காரையெல்லாம் துடைக்கிற மனுஷன், ஞாயிற்றுக்கிழமை அந்த சோபாவில் படுத்துத் தூங்குகிறாரே தவிரத் துடைக்கிறாரா என்பது அவள் வழக்கு.

"அது தொழில் மெஷின்ம்மா. டாக்டர் ஆபரேஷன் கத்தியால வெங்காயம் நறுக்குவாரா?"

"கழுவிட்டு நறுக்கினா என்னவாம்?"

"நறுக்க மாட்டார்!"

"அவர் வீட்டு சோபா சுத்தமா இருக்கும். அதனால நறுக்க வேண்டிய அவசியமிருக்காது."

இந்தப் பதிலுக்கும் கேள்விக்கும் என்ன சம்பந்தம் என்று மாஸ்டர் யோசித்து முடிப்பதற்குள் டீச்சர் அடுத்த கணக்குக்குப் போய்விட்டாள்.

"சரி. பந்தயம் வச்சுக்கலாமா?"

"என்ன பந்தயம்?"

"உங்க தொப்பை."

மாஸ்டர் குனிந்து பார்த்தார். விஷயம் உண்மைதான். சமீப காலமாக அவர் ஸ்டியரிங்குக்கு மேல் சாய்ந்து கண்ணாடிப் பக்கம் துடைக்கும்போதெல்லாம் தொப்பை ஹாரனை அழுத்தி 'பாம்' என்று சத்தம் போட்டது. அவர் கூப்பிடுகிறார் என்று நினைத்து வாடிக்கையாளர்கள் ஓடி வந்தார்கள். காரணம் கிரீம் பன். தினம் சாயங்காலம் ஒன்று. சில நாள், மனசு சரியில்லாவிட்டால், இரண்டு. மனசு நன்றாக இருந்தாலும் இரண்டு.

"நாற்பது நாள் கிரீம் பன்னைத் தொடாம இருங்க. இருந்துட்டா இந்த ஜென்மத்துல மெஷின்கிற வார்த்தையை நான் எடுக்க மாட்டேன். தொட்டீங்கன்னா ஞாயிற்றுக்கிழமை தோறும் மெஷின் வீட்டுக்கு வரணும். சோபா, மெத்தை, திரைச்சீலை, எல்லாம்."

ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் போய்விடுமே என்ற பயம் மாஸ்டருக்கு இருந்தது. ஆனால் வெளியே காட்டவில்லை. "நாற்பது என்ன, நானூறு நாள் இருப்பேன்" என்றார்.

நான்கு நாள் இருந்தார்.

ஐந்தாம் நாள் பேக்கரி அவரைக் கூப்பிட்டது. மாஸ்டர் தன் காரைப் பேக்கரிக்குப் பின்னால் மரத்தடியில் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டார். இதைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் கிடையாது. ஏனென்றால் டீச்சர் அந்தக் காரில் ஏறி இரண்டு வருஷம் ஆகிறது. கடைசியாக ஏறியபோது சீட்டில் ஒட்டியிருந்த ஏதோ ஒன்று அவள் புதுப் புடவையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு ஸ்கூட்டர்தான். ஊருக்கெல்லாம் காரைத் துடைக்கிற மாஸ்டர் தன் காரைத் துடைத்ததே இல்லை. இப்போது அந்தச் சோம்பேறித்தனமே தனக்குக் காவல் நிற்கிறது என்று நினைக்க நினைக்க அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

முப்பத்தொன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டே சொன்னாள்.

"நாளைக்கு எங்க அக்கா வர்றா. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் கூட்டிட்டு வரணும்."

"போயிட்டு வா."

"பெட்டி இருக்கும். ஸ்கூட்டர்ல முடியாது. உங்க கார்ல வர்றேன்."

மாஸ்டருக்குக் குடித்த தண்ணீர் மூக்கில் ஏறியது.

"அந்தக் கார்லயா? உன் புடவை..."

"பழைய புடவையா கட்டிக்கிறேன்."

சனிக்கிழமை காலை கொட்டகையைத் திறந்ததும் மாஸ்டர் தன் காரைத்தான் முதலில் உள்ளே விட்டார். கதவைத் திறந்து, கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு நிபுணராகப் பார்த்தார். டிரைவர் சீட்டு நகரும் தண்டவாளத்தில் பன் தூள். பெல்ட்டில் காய்ந்த கிரீம். கியர் தலை பிசுபிசுவென்று. கதவுப் பையில் முப்பது காகிதப் பைகள். சீட்டு நடுவில் ஜாம் கறை. 'எவனோ மனசாட்சி இல்லாதவன் ஓட்டின கார்' என்று வாய்வரை வந்துவிட்டது.

ஆனால் அவர் அசரவில்லை. டிரைவர் சீட்டு மட்டும்தானே, அரை மணி நேர வேலை. உறிஞ்சு குழாயால் தூளை எடுத்தார். சந்து பொந்தெல்லாம் சின்னத் தூரிகையால் கிண்டினார். ஜாம் கறையில் ஆவியை நிறுத்திப் பிடிக்காமல், தொட்டும் தொடாமலும் நாலு இழுப்பு. அதிக ஈரம் விட்டால் உள்ளே போன கறை காய்ந்ததும் திரும்ப மேலே வரும். அது கற்றுக்குட்டிகள் செய்கிற தப்பு. மாஸ்டர் செய்வாரா? கறை போன இடம் தெரியவில்லை.

அப்போதுதான் வினை பிடித்தது.

டிரைவர் சீட்டு இளம் சாம்பல் நிறத்தில் ஜொலித்தது. பக்கத்து சீட்டு அடுப்புக்கரி மாதிரி இருந்தது. மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முடியவில்லை. அதையும் துடைத்தார். இப்போது பின் சீட்டு பல்லைக் காட்டியது. அதையும் முடித்து நிமிர்ந்தால் மேல்கூரைத் துணி. ஏசி வாசலில் தூசி. கால் மிதி. கண்ணாடி ஓரம். ஸ்டியரிங் பக்கம் சாய்ந்தபோது ஹாரன் ஏழு முறை அடித்தது. கதவுகளைத் திறந்து காற்றாடி வைத்து உலர்த்தி முடிக்கும்போது பிற்பகல் ஆகிவிட்டது. கார் ஷோரூமிலிருந்து இப்போதுதான் இறங்கிய மாதிரி நின்றது. ஒரு தூள் இல்லை. ஒரு வாசனை இல்லை. தடயம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

சாயங்காலம் டீச்சர் பழைய புடவையோடு வந்து கதவைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தாள். பெல்ட்டை முழுசாக இழுத்துப் பார்த்தாள். முகர்ந்தாள்.

"என்னம்மா தேடறே?" என்றார் மாஸ்டர் தேனொழுக.

"ஒண்ணுமில்லை."

பஸ் ஸ்டாண்டில் அக்கா ஏறினாள். "புதுக் காரா தம்பி? சொல்லவே இல்லையே!"

"பழசுதான் அண்ணி. நீங்க வர்றீங்கன்னு லேசாத் துடைச்சேன்."

"போன தடவை வந்தப்போ நான் பிளாஸ்டிக் பை விரிச்சு உட்கார்ந்தேனே."

"அது போன தடவை" என்று மாஸ்டர் கியரை மாற்றினார்.

டீச்சர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி பேசினாள். "எங்க ஸ்கூல்ல எப்பவும் முப்பது மார்க்கு வாங்கறவன் ஒருத்தன், போன மாசம் நூறு வாங்கினான்."

"கெட்டிக்காரப் பையன்!"

"அந்த நூறைப் பார்த்ததுமே எனக்குப் புரிஞ்சு போச்சு. பிட்டு எங்கேன்னு தேடினேன். கிடைக்கலை."

"அப்புறம்?"

"என்ன செய்யறது? நூறு போட்டுட்டேன். கையும் களவுமா பிடிக்கலைன்னா மார்க்கு கொடுத்துத்தானே ஆகணும்."

"அதான் நியாயம்!" என்றார் மாஸ்டர் பலமாக. "ஆதாரம் இல்லாம யாரையும் சந்தேகப்படக் கூடாது."

"நானும் அதைத்தான் சொல்றேன். அடுத்த பரீட்சையில அவனை என் மேஜைக்கு முன்னால உட்கார வச்சுட்டேன்."

ராத்திரிச் சாப்பாட்டின்போது நாற்பதாம் நாள் முடிந்தது. அக்காவைச் சாட்சி வைத்து டீச்சர் தோல்வியை ஒப்புக்கொண்டாள். "இனிமே மெஷின்னு நான் வாயைத் திறக்க மாட்டேன்." மாஸ்டருக்கு மனசு நிறைந்துவிட்டது. கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. பாவம், படித்தவள், இருந்தாலும் தொழில்காரனிடம் மோதலாமா?

ஞாயிற்றுக்கிழமை மதியம். அக்காவும் தங்கையும் உள் அறையில் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் ஏப்பம் விட்டுக்கொண்டு, தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வெற்றித் தூக்கம் போட சோபாவுக்கு வந்தார்.

வந்தவர் நின்றார்.

சோபாவின் நட்ட நடுவில், சந்தன நிறத்தில், உள்ளங்கை அளவுக்கு ஒரு வட்டம்.

"இது யார் வேலை?"

"எது?" என்று உள்ளேயிருந்து டீச்சரின் குரல் வந்தது. "ஓ, அதுவா! அக்கா காபி சிந்திட்டா. ஈரத்துணியில சோப்பு வச்சு லேசாத் துடைச்சேன். ஏன், சரியாப் போகலையா?"

"போயிருக்கு" என்றார் மாஸ்டர் ஈனஸ்வரத்தில்.

படுத்தார். வட்டம் மூக்குக்கு நேராக இருந்தது. திரும்பிப் படுத்தார். வட்டம் முதுகில் குத்தியது. எழுந்து செய்தித்தாளை அதன்மேல் விரித்தார். செய்தித்தாளுக்குக் கீழே வட்டம் இருப்பது அவருக்குத் தெரியுமே! அதை எடுத்துவிட்டு, பதினைந்து வருஷமாக அழுக்கை எடுத்தே பழகிய மனுஷன், பீரோவுக்கு மேலிருந்து ஒரு விரல் தூசி எடுத்து வந்து வட்டத்தில் தடவப் போனார். கை பாதி வழியில் நின்றுவிட்டது. அதற்கு அந்த வேலை தெரியவில்லை.

பத்து நிமிஷம் கழித்து வாசலில் கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. அரை மணியில் திரும்பி வந்தது. மாஸ்டர் மெஷினை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையில், பூனைநடை நடந்து வாசலைத் தாண்டினார்.

புஸ்ஸென்று ஆவி கிளம்பியதும் டீச்சர் கதவோரம் வந்து நின்றாள். பின்னால் அக்கா, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு.

"நான் அந்த வார்த்தையை எடுக்கவே இல்லையே" என்றாள் டீச்சர்.

"பேசாதே. வட்டம் கண்ணை உறுத்துது. அதான். இது ஒரே ஒரு தடவைதான். சோபா மட்டும்தான்!"

"சரிங்க. முடிச்சுட்டு உள்ளே வாங்க. மெத்தையிலயும் உள்ளங்கை அளவு துடைச்சு வச்சிருக்கேன்."