அண்ணன் மீசையும் முப்பத்தாறு மாதப் படிப்பும்

லாட்டன், ஒக்லஹோமா
ஆகஸ்ட் 9, சனிக்கிழமை

மரியாதைக்குரிய அண்ணன் ஹார்லனுக்கு, தம்பி வெண்டல் எழுதிக்கொண்டது. இங்கு நானும் லோரீனும் மகள் டெலியாவும் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை. அங்கு உங்கள் சுகத்தையும், முக்கியமாக உங்கள் மீசையின் சுகத்தையும் அறிய ஆவல்.

ஒன்பது வருஷத்துக்கு முன் நன்றிநாள் விருந்தில் வான்கோழியை வெட்டிக்கொண்டே என்ன சொன்னீர்கள்? "ராணுவமாவது, உன் பொண்ணைக் காலேஜ்ல படிக்க வைக்கறதாவது! அப்படி நடந்தா இந்த மீசையை எடுத்துடறேன்டா. பேசாம அவளை எங்கிட்ட அனுப்பு, ஒயரிங் வேலை கத்துத் தரேன்." எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அண்ணே, கத்தியைத் தீட்டுங்கள். ஜெயித்துவிட்டேன்!

ஆனால் லேசில் ஜெயிக்கவில்லை. அடுத்த வருஷம் குவைத்தில் இருந்தபோதே ராணுவம் என் படிப்புச் செலவுக்கென்று தரும் முப்பத்தாறு மாதச் சலுகையையும் வீட்டார் பெயருக்கு மாற்றிவிட்டேன், அதற்கு விலையாக இன்னும் நாலு வருஷம் பட்டாளத்தில் இருப்பதாகக் கையெழுத்தும் போட்டேன், இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாதது என்னவென்றால், கூடாரத்தில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர், எனக்குப் பின்னால் இருபது பேர், அன்றைக்குப் பார்த்து எங்கள் கல்யாண நாள், அதை நான் மறந்துபோய் லோரீன் போனில் காய்ச்சி எடுத்திருந்தாள். பரிசாக இருக்கட்டும் என்று அவள் பெயரில் முப்பத்தைந்து மாதத்தைப் போட்டுவிட்டேன். பட்டாளத்தில் ஒரு வழக்கம் உண்டு: வீட்டில் ஒவ்வொருத்தர் பேரிலும் ஒரு மாசமாவது போட்டு வை, ஓய்வு பெற்ற பிறகு கூட்டலாம் குறைக்கலாம், புதுப் பேர் மட்டும் சேர்க்க முடியாது என்பார்கள். அந்த ஒரு மாதம் டெலியாவுக்கு. போட்டதோடு சுத்தமாக மறந்தும்போனேன்.

போன திங்கட்கிழமை, டெலியாவுக்கு இடம் கொடுத்த கல்லூரியிலிருந்து, அவள் பெயரில் ஒரு மாதச் சலுகைதான் இருக்கிறது என்று கடிதம் வந்தது. "அப்பா, ஒரு மாசத்துல எந்த டிகிரி முடியும்?" என்று கேட்கிறாள் டெலியா. லோரீனோ, "முப்பத்தஞ்சு மாசம் என் பேர்லயா? எட்டு வருஷமா மூச்சு விடலியே மனுஷா! நான் நர்சிங் படிச்சிருப்பேனே!" என்று கரண்டியோடு வந்தாள். வெள்ளி மாலை நாலு மணிக்குள் சரி செய்யாவிட்டால் இடம் போய்விடும். உதவி எண்ணைக் கூப்பிட்டால் மூணு நாளும் பாட்டுத்தான் பாடினார்கள். வெள்ளிக்கிழமை வேறு வழியில்லாமல் பழைய சீருடையை மாட்டினேன். பொத்தான் சேரவில்லை, லோரீன் ஊக்கு குத்திவிட்டாள். டெலியாவையும் இழுத்துக்கொண்டு கல்லூரியில் உள்ள முன்னாள் படைவீரர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஓப்பல் என்று ஒரு அம்மாள், பழைய கடற்படைக்காரி.

"சார்ஜென்ட், மூச்சை விடுங்க, ஊக்கு என் கண்ணுல அடிச்சிடப் போகுது. பொண்ணு பேர்ல எவ்ளோ இருக்கு?"

"ஒரே மாசம்மா."

"பேர் இருக்குல்ல? அப்போ பொழைச்சீங்க. உட்காருங்க, மாத்துங்க. பாஸ்வேர்ட்?"

அதுதான் மறந்துவிட்டதே! நாய் பெயர், லாரி பெயர் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. கடைசியில் டெலியா குனிந்து எங்கள் கல்யாணத் தேதியை அடித்தாள். திறந்துகொண்டது! மூணு ஐம்பத்திரண்டுக்கு அவள் பெயரில் முப்பத்தைந்து, லோரீனுக்கு ஒன்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது அண்ணே, சொன்னால் என்ன.

வரும் 17-ஆம் தேதி ஞாயிறு மாட்டிறைச்சி சுடுகிறோம். தெருவே வருகிறது. குடும்பத்தோடு வந்து, மீசை இல்லாமல் திரும்புங்கள். அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. கர்த்தர் உங்களைக் காப்பாராக. மீசையை அவராலும் காப்பாற்ற முடியாது.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற தம்பி வெண்டல்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போனேன், டெலியா கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, காலேஜ் வேணாம். தொழில் பழகறவங்களுக்கும் இதே சலுகையில மாசாமாசம் பணம் வருமாம், ஓப்பல் அம்மாகிட்ட நேத்தே கேட்டுட்டேன். நான் பெரியப்பாகிட்ட ஒயரிங் கத்துக்கப் போறேன்." "இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று கத்தினேன். "நீங்க ஊக்கு குத்திக்கிட்டு எனக்காக நின்னீங்களே, அதைப் பாத்ததும் வாய் வரலப்பா" என்றாள். உறையிலிருந்து கடிதத்தை எடுத்து இதை எழுதுகிறேன். மீசை இருக்கட்டும் அண்ணே. மாடி அறையை ஒழித்து வையுங்கள். அவளுக்கு உயரம் என்றால் பயம். முதல் நாள் ஏணியை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள்.