குடையோடு உட்கார்ந்திருப்பது தங்கள் தங்கைதான்

மரியாதைக்குரிய மச்சான் தங்கச்சாமி அவர்களுக்கு, சீன தேசம் குவாங்சோ நகரத்திலிருந்து மாப்பிள்ளை சீனிவாசகம் பணிவுடன் எழுதிக்கொண்டது. தீபாவளிப் பட்டாசு லோடெல்லாம் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்து, விஸ்வநத்தம் கம்பெனியில் தாங்களும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் ஆவுடைத்தாயும் சுகம். நாங்கள் குடியிருந்த தெரு மட்டும் சுகமில்லை. இப்போது அது இல்லவே இல்லை.

என் போனைத் தாங்கள் எடுப்பதில்லை. எடுத்த ஒரு தடவையும், "என் தங்கச்சியப் புல்டோசருக்கு முன்னால உக்கார வச்சிட்டு நீங்க எங்கன போனீக மாப்ளே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டீர்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதி, போட்டோ எடுத்து, தங்கள் மகன் மணிகண்டராஜ் போனுக்கு அனுப்பச் செய்கிறேன். அவனை நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டச் சொல்லவும்.

அவன் காட்டிய வீடியோவில் கறுப்புக் குடை பிடித்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது தங்கள் தங்கைதான், மறுக்கவில்லை. அவளுக்குப் பின்னால் மஞ்சள் நிறத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பது வீடு இடிக்கிற மெஷின். தரையில் விரித்திருப்பது என் வேட்டி. அதன் மேல் இருப்பது நம் ஊர்க் கூழ்வத்தல். யாரோ இங்குள்ள தமிழ்ப் பையன் அதற்கு "சீனாவை நடுங்க வைத்த வீரத் தமிழச்சி" என்று பேர் வைத்து அனுப்பிவிட, அது சிவகாசி பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரைக்கும் போய்விட்டதாக மணிகண்டராஜ் சொன்னான். மச்சான், இங்கே யாரும் நடுங்கவில்லை. வத்தல் காயப்போட்டாள், அவ்வளவுதான்.

நம் ஊர்க் காலண்டர் அச்சகங்களுக்கு வேண்டிய லேமினேஷன் மெஷின்களைப் பார்த்து வாங்கி லோடு ஏற்றும் வேலைக்காக நான் இங்கே வந்தபோது, "சீனாவெல்லாம் நமக்கு எதுக்கு?" என்று தாங்கள் தடுத்தது உண்மை. இந்த ஊரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் இது ஓர் இடத்தில் நிற்காத ஊர். பக்கத்து ஊர் பேக்டரிக்கு மெஷின் பார்க்கப் போய்விட்டு ஒரு வாரம் கழித்துத் திரும்பினால், நான் அடையாளம் வைத்திருந்த நூடுல்ஸ் கடை இருக்காது. அந்த இடத்தில் பூமிக்குள் இறங்கும் ரயில் நிலையம் இருக்கும். எனக்கு முடி வெட்டுகிறவரைத் தேடிப் போனால் அங்கே முப்பது மாடி இருக்கும். ரூபாய் நோட்டை, அதாவது இவர்கள் நோட்டை நீட்டினால் கீரை விற்கிற அம்மா என்னை அனுதாபத்தோடு பார்க்கிறாள். எல்லாம் போனில்தான். அந்த போன் வித்தை எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. தங்கள் தங்கை கீரைக்காரியிடம் போனைக் காட்டி, பேரம் பேசி, கொசுறு மல்லித்தழையும் வாங்கி வருகிறாள். நான் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு வருகிறேன்.

நாங்கள் குடியிருந்தது பழைய பகுதியில் ஒரு சந்தில், சென் அம்மா என்கிற வயதான விதவையின் மாடிப் போர்ஷனில். சென் அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, ஆவுடைக்குச் சீனம் தெரியாது. ஆனாலும் இருவரும் வாசலில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசுவார்கள். என்ன பேசுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "அவுக மருமகளப் பத்தி" என்றாள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஆடி மாதவாக்கில் ஆட்கள் வந்து சந்தில் உள்ள எல்லாச் சுவரிலும் சிவப்பு மையில் ஒரு பெரிய எழுத்தை எழுதி, அதைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டுப் போனார்கள். பார்க்க லட்சணமாக இருந்ததால் நம் வீட்டு எழுத்துக்குக் கீழே ஆவுடை ஒரு கோலம் போட்டு, குங்குமமும் வைத்தாள். ஆபீசில் விசாரித்தபோதுதான் அந்த எழுத்துக்கு "இடி" என்று அர்த்தம் என்று சொன்னார்கள். மழை பெய்யும்போது இடிக்கிற இடி இல்லை, மச்சான். சந்து முழுவதையும் இடித்துவிட்டு, எல்லோருக்கும் புதிய அடுக்குமாடியில் வீடு கொடுப்பதாக ஏற்பாடு. ஜனங்களும் சந்தோஷமாகச் சாவி வாங்கிக்கொண்டு போனார்கள். ஐப்பசி முடிவதற்குள் சந்தில் நாங்களும் சென் அம்மாவும் மட்டும்தான் மிச்சம். கையெழுத்துப் போட்டும் தனக்குச் சாவி வரவில்லை என்று அந்த அம்மா ஏதோ கவலையில் இருந்தார். அது வேறு விஷயம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் ஆவுடைக்கு வத்தல் ஆசை வந்தது. மொட்டை மாடிக்குப் போகிற படிக்கட்டை முன்கூட்டியே பெயர்த்துவிட்டிருந்ததால் சந்தின் நடுவே வேட்டியை விரித்தாள். காக்கா வராமல் இருக்கக் கறுப்புக் குடையோடு காவல் உட்கார்ந்தாள். இந்த ஊரில் நான் ஒரு காக்காகூடப் பார்த்ததில்லை. சொன்னால் கேட்க மாட்டாள். நான் ஆபீசுக்குப் போய்விட்டேன். தாங்கள் கேட்ட "எங்கன போனீக" என்பதற்கு இதுதான் பதில்.

சாயங்காலம் திரும்பினால் சந்து முனையில் ஒரே கூட்டம், எல்லார் கையிலும் போன். மெஷின் உள்ளே வர வேண்டும், வேட்டி குறுக்கே கிடக்கிறது, வேட்டிக்கு அந்தப் பக்கம் தங்கள் தங்கை. டிரைவர் கீழே இறங்கி நின்று வத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவளிடம் கெஞ்சினேன். பாஸ்போர்ட், விசா, கௌரவம் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன்.

"வத்தல் காயாம எந்திரிக்க மாட்டேன். நீங்க போயி ஒரு டீ குடிங்க" என்றாள்.

பொழுது சாய்ந்ததும் சுருட்டினாள். மறுநாள் டிரைவர் வருவதற்கு முன்பே விரித்துவிட்டாள். இந்த ஊர் வெயிலில் சத்தே இல்லை என்று நினைக்கிறேன். அவ்வளவு வெயிலிலும் அன்று வத்தல் ஈரமாகவே இருந்தது.

மதியம் தலையில் ஹெல்மெட் போட்ட ஓர் அதிகாரி வந்தார். மரியாதையான மனிதர். தன் போனில் எதையோ பேசி, அதை எங்கள் பக்கம் திருப்பினார். போன் தெளிவான தமிழில், "இந்த அம்மா எப்போது காய்வார்?" என்று கேட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆவுடை போனுக்கு அருகில் வாயைக் கொண்டுபோய், "அவசரப்பட்டா ஒண்ணும் ஆகாது தம்பி, அதுக்குன்னு ஒரு நேரம் இருக்கு" என்றாள். அதைப் போன் அவருக்கு என்னவென்று சொன்னதோ, அவர் இரண்டடி பின்னால் போய் யாருக்கோ போன் செய்தார். சென் அம்மாவும் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து ஆவுடைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். துணைக்கு இருக்கட்டுமே என்று நானும் விட்டுவிட்டேன்.

அதற்கு அடுத்த நாள் அந்த அதிகாரி ஒரு கவரோடு வந்து சென் அம்மாவிடம் கொடுத்தார். உள்ளே புது வீட்டுச் சாவி. அந்த அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு சிறுபிள்ளை மாதிரி அழுதார். இதில் ஓர் ஆச்சரியம் பாருங்கள், சரியாக அதே நேரத்தில் ஆவுடை ஒரு வத்தலை எடுத்து ஒடித்துப் பார்த்து, "காஞ்சிருச்சு" என்று எழுந்துவிட்டாள். அன்றைக்கே அதில் கொஞ்சம் பொரித்து டிரைவருக்கும் அதிகாரிக்கும் கொடுத்தாள். பேப்பர் தட்டு காலியான பிறகுதான் வீட்டை இடித்தார்கள். இடிக்கும்போது இரண்டு பெண்களும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் இருமிக்கொண்டே நின்றேன். தூசியாக இருக்கலாம்.

சென் அம்மா, நாங்கள் ஊருக்குப் போகும்வரை தன்னோடு இருக்கலாம் என்று இருபத்துமூன்றாவது மாடியிலுள்ள புது வீட்டில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்திருக்கிறார். பால் காய்ச்சுவது போல ஏதோ ஒரு சடங்கும் நடந்தது. அங்கே நான் கண்டதைத் தங்களிடம் சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்லிவிடுகிறேன். நகரத்துக்குள் வெடி போடத் தடை. ஆகவே சிவப்புப் பிளாஸ்டிக்கில் சரவெடி மாதிரியே செய்து தொங்கவிட்டு, சுவிட்சைப் போட்டார்கள். விளக்கு மினுக்குகிறது, ஸ்பீக்கரில் படபடவென்று சத்தம் வருகிறது. ஒரு துண்டுக் காகிதம் சிதறவில்லை. மருந்து வாடை இல்லை. முடிந்ததும் மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டார்கள். சிவகாசியில் பிறந்தவன் எவ்வளவுதான் தாங்குவான், மச்சான். நான் கண்ணைத் துடைத்ததைப் பார்த்து, அவர்கள் கலாசாரம் எனக்குப் பிடித்துவிட்டதாக எண்ணி இன்னொரு தரம் சுவிட்சைப் போட்டார்கள்.

ஆகவே மணிகண்டராஜ் மூலம் தாங்கள் இட்ட கட்டளைப்படி ஊர் திரும்ப முடிவு செய்துவிட்டேன். தைப் பொங்கலுக்கு முன்பே வருகிற மாதிரி இருவருக்கும் டிக்கெட் போட்டாயிற்று. ஆவுடையிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டாள், அதாவது சம்மதம். இனிமேல் தெருவில் எதையும் காயப்போடுவதில்லை என்றும் அவள் சார்பில் நான் உறுதி கூறுகிறேன். நடந்ததில் அவள் வெகுளித்தனம் தவிர வேறு குற்றம் எதுவுமில்லை என்பதைத் தாங்கள் நம்ப வேண்டும். வந்ததும் குடும்பத்தோடு இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போய் வருவோம்.

தங்கள் வீட்டில் எல்லோருக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும். மணிகண்டராஜுக்கு ஆசிகள். அவன் போன் பார்ப்பதைச் சற்றுக் குறைத்துக்கொள்வது கண்ணுக்கு நல்லது.

தங்கள் கோபம் தணிந்து போனை எடுக்கும் நாளை எதிர்பார்க்கும்,
மாப்பிள்ளை சீனிவாசகம்

பின்குறிப்பு: அண்ணே, இது ஆவுடை எழுதுறேன். நல்லா இருக்கீகளா? போட்டோ எடுத்து அனுப்புறது நான்தான், உங்க மாப்பிள்ளைக்கு அது வராது. அதனால வாசிச்சிட்டேன். வத்தல் மொத நா சாயங்காலமே சருகாக் காஞ்சு போச்சு. மறுநா விடியக்காலம் நான்தான் தண்ணி தெளிச்சு விரிச்சேன். சென் அக்காகிட்ட கையெழுத்த வாங்கிட்டு, சாவிய மட்டும் நாளைக்கு நாளைக்குன்னு இழுத்தாக. வீட்ட இடிச்சிட்டா அதுக்கப்புறம் யாருண்ணே தேடி வந்து குடுப்பா? மருமக வீட்டு வாசல்ல போயி நிக்க மாட்டேன்னு அக்கா அழுதாக. உள்ளூர்க்காரி உக்காந்தா தூக்கி ஓரமா வச்சிருவாக. வெளிநாட்டுக்காரி வத்தல வச்சிக்கிட்டு உக்காந்தா என்ன பண்றதுன்னு அவுகளுக்கே தெரியல. முன்னாடியே சொன்னா உங்க மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துரும்னு சொல்லல.

என் டிக்கெட்ட நான் தள்ளிப் போட்டுட்டேன். அவுகளப் பொங்கலுக்கு முன்னாடி அனுப்பி வைக்கிறேன், நல்லாப் பாத்துக்கங்க. சென் அக்காவுக்கு லிஃப்ட்டுன்னா நடுக்கம். காலையிலயும் சாயங்காலமும் நான்தான் கையப் பிடிச்சு ஏத்தி எறக்குறேன். அவுக பயம் தெளிஞ்சு தனியா ஏறட்டும், வாரேன். கதவு மூடுனா எனக்கும் பயமாத்தான் இருக்கு. அத நான் அக்காகிட்ட காட்டிக்கிறதில்ல.